இடப்பக்கத்துக் குழாய்

பசையை அள்ளிப் பூசுகிறவனை நான் என் வீட்டு வாசற்படி ஏற விட்டதில்லை. கார் மாடல் கட்டுவதில் அதுதான் முதல் பாடம். தூரிகை நுனியில் ஒரு சொட்டு எடுத்து இரண்டு பாகங்களின் இடுக்கில் தொட்டுவிட்டால் போதும், அது தானே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் போர்ட் ஹார்லன் சங்கத்தில் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் பசையைப் பற்பசை மாதிரி பிதுக்குகிறவர்கள்.

உங்கள் தாளில் ‘பொம்மைக் கார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஷெரீப். அதை அடித்துவிடுங்கள். பொம்மை கடையில் கிடைக்கும். இது அசல் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டுவது. பெட்டியைத் திறந்தால் நூற்றிருபது பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்தில் காய்த்துக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் கார். முட்டாள்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பம்.

சங்கத்து ஆட்களைப் பற்றிக் கேட்டீர்கள். பிரெண்டல் என்று ஒரு பல் மருத்துவர். அவர் கட்டிய காரில் ஓட்டுநர் இருக்கை மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வசதி என்று சொன்னேன். நன்றி சொன்னார். மற்றவர்களும் அதே ரகம். என் மனைவி லொரெய்ன் மட்டும் கொஞ்சம் கூர்மையானவள். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, “நானா, அந்தக் காரா? இப்பவே சொல்லு” என்றாள். அப்போதுதான் சிவப்பு பூசி முடித்திருந்தேன். இருபது நிமிடம் கதவைத் திறக்காமல் இரு, தூசி வரும் என்றேன். அவள் கதவைத் திறந்து, போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னை விட்டே போய்விட்டாள். அந்தச் சிவப்பில் இன்றைக்கும் ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

எங்கள் சங்கத்து டெல்பர்ட் ஹாங்கியை உங்களுக்கே தெரியும். மூன்றாம் தெருவில் முடிவெட்டும் கடை. ஊரில் பாதித் தலைகள் அவன் கையில் இருந்ததால் பாதி ஊருக்கு அவன் நண்பன். அவனுடைய பச்சையும் பாலாடை நிறமுமான ஐம்பத்தாறாம் வருடத்து ஃபோர்டும் உங்களுக்குத் தெரியும். அவன் அப்பா புதிதாக வாங்கியது. ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும் அணிவகுப்பில் அவனும் அவன் மனைவி வெர்னாவும் அதில் உட்கார்ந்து கை அசைத்துக்கொண்டு போவார்கள். கை அசைப்பதற்கு என்ன திறமை வேண்டும் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை. ஆனாலும் ஜனங்கள் கைதட்டுவார்கள்.

எங்கள் வருடாந்தரப் போட்டி ஏப்ரலில், தொழிற்சங்கக் கட்டடத்து மண்டபத்தில் நடக்கும். அதில் ‘அசல் போலவே’ என்று ஒரு பிரிவு. ஊரில் ஓடுகிற ஏதாவது ஒரு காரை மாடலாகக் கட்ட வேண்டும். போட்டி நாளில் அசல் கார் வெளியே நிற்கும், மாடல் மேசை மேல் நிற்கும். நடுவர் இரண்டையும் பார்ப்பார். ஒரு வித்தியாசத்துக்கு ஒரு மதிப்பெண் வெட்டு. உலகத்திலேயே நியாயமான பரீட்சை அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நான் ஹாங்கியின் ஃபோர்டைக் கட்டினேன். பதினான்கு மாதம். இருக்கைத் துணிக்கு என் தங்கையின் கல்யாண கவுனில் மடித்துத் தைத்த ஓரத்தை வெட்டிச் சாயம் போட்டேன்; அவள் இன்னும் கவனிக்கவில்லை. ஓடிய மைல் கணக்கை அரிசி நுனியளவு இடத்தில் ஐந்து எண்ணாக எழுதினேன். அதற்குப் பூனை மீசை வளைகிறது என்று என் புருவத்திலிருந்து ஒற்றை முடியைப் பிடுங்கித் தூரிகை கட்டினேன். இடது புருவம் மெலிந்திருப்பதற்கு அதுதான் காரணம், நோய் ஒன்றும் இல்லை.

அடிப்பாகத்தைக் கட்ட, காரைத் தயாரித்தவர்களே அந்தக் காலத்தில் அச்சிட்ட பழுதுபார்ப்புப் புத்தகத்தை வரவழைத்தேன். அதில் பிரேக் எண்ணெய் போகிற குழாய் சட்டத்தின் இடப்பக்கமாகப் பின்சக்கரம் வரை போகிறது. அப்படியே வைத்தேன். ஹாங்கியிடம் போய், உன் காருக்கு அடியில் படுத்துப் பார்க்கட்டுமா என்று ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? மண்டியிட்டுப் பார்க்கிற அளவுக்கு அவனிடம் எனக்குத் தெரியாதது ஏதும் இருக்கும் என்று தோன்றவில்லை.

நடுவர் ரே ஸ்டக்கி, பேருந்து ஓட்டுகிறவர். பிரெண்டல் கொடுத்த பல் பார்க்கும் கண்ணாடியையும் ஒரு சின்ன டார்ச்சையும் வைத்துக்கொண்டு மாடலை முக்கால் மணி நேரம் பார்த்தார். அப்புறம் வெளியே போய், அட்டையைப் போட்டு ஃபோர்டின் அடியில் படுத்தார். எழுந்து வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“நார்ப், எனக்கே சொல்ல மனசு வரல. உன் பிரேக் குழாய் இடப்பக்கமா போவுது. காருல வலப்பக்கம் இருக்கு.”

ஹாங்கி விழுந்து விழுந்து சிரித்தான். “அட, அது எழுபத்தொண்ணுல துருப்புடிச்சு விட்டுப்போச்சுப்பா. நான்தான் புதுசா போட்டேன். ஜாக்கி வலப்பக்கம் நின்னுது, யாரு தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது? இருக்கிற பக்கமே போட்டுட்டேன்.”

“மாடல் சரி. கார்தான் தப்பு” என்றேன்.

“அப்போ காருக்கு ஒரு மார்க் கொறச்சிரு, ரே!” என்றான் ஹாங்கி.

மண்டபம் சிரித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் சிரித்தது.

வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தட்டில் உருளைக்கிழங்கு சாலடைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “இவருக்கு வேற வேலை இல்ல, நார்ப். நீ கட்டினதப் பாத்தா எங்க காருக்கே வெக்கமா இருக்கும்” என்றாள். அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. சாலடில் உப்பு அதிகம்.

எனக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண். ஹாங்கி போட்டிக்குக் கட்டிக் கொண்டுவந்திருந்தது அவன் மாமனாரின் பழைய சரக்கு வண்டியின் மாடல். அசல் முழுக்கத் துரு, மாடலும் முழுக்கத் துரு. எங்கே பசை வழிந்தாலும் துரு என்று சொல்லிவிடலாம். நூற்றுக்கு நூறு. மரக்கட்டை மேல் நிறுத்திய பழைய பிஸ்டன்தான் எங்கள் கோப்பை. அதை வாங்கிக்கொண்டு போய்க் கடை ஜன்னலில் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் மூன்று மாதம் என் குழாய்க் கதையைச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். கெட்ட எண்ணத்துக்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

அந்த ஒரு மதிப்பெண்ணை எப்படித் திரும்பப் பெறுவது என்று யோசித்தேன். மாடலில் குழாயைப் பிடுங்கி வலப்பக்கம் வைக்கலாம்; ஒரு முடிதிருத்துபவனின் சோம்பேறித்தனத்தை என் கையால் நகல் எடுப்பதற்கு அது சமம். அதனால் காரைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த வேண்டும். முப்பத்தோரு வருடம் கார்களுக்குச் சக்கர அச்சு செய்யும் ஆலையில் சோதனைப் பிரிவில் நான் செய்த வேலையே அதுதான்.

ஜூன் இருபத்தாறு, ஞாயிறு. ஃபோர்ட் வேய்ன் நகரத்தில் இருக்கிற மகள் வீட்டில் ஞானஸ்நானம் என்று ஹாங்கியும் வெர்னாவும் மகளின் காரிலேயே போயிருந்தார்கள். இந்த ஊரில் கராஜைப் பூட்டுகிறவர் யார்? காலை பத்து மணிக்கு நுழைந்தேன். வலப்பக்கக் குழாயைக் கழற்றினேன். அவன் அதைக் கட்டியிருந்தது பழைய துணி மாட்டும் கம்பியால் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். புதுக் குழாயை இடப்பக்கமாக, புத்தகத்தில் உள்ளபடி ஒவ்வொரு வளைவையும் அளந்து போட்டேன். எண்ணெய் ஊற்றினேன், குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினேன், தரையைத் துடைத்தேன். ஐந்து மணி நேரம். நடுவில் ரொட்டியும் பன்றித் தொத்திறைச்சியும் சாப்பிட்டேன். துணுக்குக்கூடக் கீழே விடவில்லை.

குழாயைப் பற்றிக் கேட்கிறீர்கள். அலுமினியம். மாடல்களுக்குப் புகைக்குழாய் செய்ய வைத்திருந்தது. பிரேக்குக்கு எஃகுதான் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆலையில் அழுத்த இயந்திரத்தில் மென்மையான குழாய்களை வெடிக்கவைத்துப் பார்ப்பதுதான் என் காலை வேலை. மெல்ல மிதித்தால் தாங்கும். ஓங்கி மிதித்தால் வெடிக்கும். அது பழைய கார், நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் வெடித்தால் நாலும் போச்சு. கைப்பிரேக்கை அவன் பத்து வருடமாகத் தொடவில்லை என்பது அதன் கம்பியைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டையான தெருக்களில் அவன் ஊர்ந்துதான் போவான். ஓங்கி மிதிக்க வேண்டிய இடம் இந்த ஊரில் ஒன்றுதான்: ஆற்றுக்கு இறங்குகிற வாட்டர் தெரு. வருடத்தில் ஒருநாள்தான் அவன் அதில் ஃபோர்டை இறக்குவான்.

ஜூலை நாலு காலை, அணிவகுப்பு கிளம்புகிற இடத்தில் வெர்னா என்னைக் கூப்பிட்டாள். “நார்ப், பின்சீட்டு காலியாத்தான் இருக்கு, ஏறேன். அந்தக் காரைப் பதினாலு மாசம் கட்டினவன் நீ, ஒருவாட்டி உக்காந்தாத்தான் என்ன?”

“ஏறுப்பா, கடிக்காது” என்றான் ஹாங்கி. “இடப்பக்கமா உக்காரு, உனக்குப் புடிச்ச பக்கம்.”

நடந்து வருகிறேன் என்றேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் ஒரு காரின் கோடு சரியாகத் தெரியும்.

மற்றதை நீங்களே பார்த்தீர்கள். வாட்டர் தெருச் சரிவில் கார் வேகமெடுத்தது. சரிவின் அடியில் பள்ளிக்கூடத்து பேண்டு குழு நின்று வாசித்துக்கொண்டிருந்தது. ஹாங்கி திருப்பித் தானியக் கிடங்கின் கல்சுவரில் மோதினான். திருப்பியது அவன் முடிவு. அதற்காக அவனைப் பாதிரியார் வீரன் என்றார். பேண்டு குழு அந்த இடத்தில்தான் நிற்கும் என்பது அணிவகுப்பு நிரலில் அச்சாகியிருந்ததா என்று கேட்டால், ஆமாம். எல்லார் வீட்டுக்கும் ஒரு பிரதி வந்தது. எனக்கும் வந்தது. படித்தேன். எழுத்துப்பிழை இரண்டு.

ஹாங்கி அங்கேயே போய்விட்டான். வெர்னா இனி நடக்கமாட்டாள் என்கிறார்கள். போன புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். ஊரே போனது, நான் மட்டும் போகாவிட்டால் நன்றாக இருக்காது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்காகத்தான் நார்ப், அவரு இரும்புக் குழாய் வாங்கி வச்சிருந்தாரு. ‘பாவம், பதினாலு மாசம் உழைச்சிருக்கான், அவன் மாடல் மாதிரியே மாத்திர்றேன், அடுத்த வருசம் அந்த ஒரு மார்க்கை ரே அவனுக்குக் குடுத்தே ஆவணும்’னாரு. அணிவகுப்பு முடியட்டும்னேன். மெக்கானிக்கு சொல்றதப் பாத்தா கேக்கல போல, என்கிட்ட சொல்லாம அவசரத்துல கையில கெடச்சதப் போட்டு மாட்டிட்டாரு. உன்னாலன்னு மனசுல வச்சுக்காத.”

வைத்துக்கொள்ளமாட்டேன் என்று சொன்னேன்.

எஃகுக் குழாய்ச் சுருள் கராஜ் அலமாரியில் இருந்தது, ஷெரீப். அதன் மேல் ஒரு காகிதம் செருகியிருந்தது. ‘நார்புக்கு. இடப்பக்கம். ஜூலை நாலுக்கு அப்புறம்’ என்று அவன் கோணல் எழுத்தில். நான் உள்ளே போன ஐந்தாவது நிமிடமே பார்த்தேன். படித்தேன். இருந்தபடியே செருகிவிட்டேன். அந்த எஃகை எடுத்துப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். என் மதிப்பெண்ணை ஒரு முடிதிருத்துபவன் எனக்குப் பிச்சை போடுவதா? எனக்குச் சேர வேண்டியதை நானே எடுத்துக்கொள்கிறவன். அதன் பிறகுதான் பையிலிருந்து அலுமினியத்தை எடுத்தேன்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் மெக்கானிக் சொன்னதாகப் போட்டிருந்தது: ‘உரிமையாளரே அரைகுறையாகச் செய்துகொண்ட பழுது வேலை’. அதைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. அரைகுறையா? அந்த மெக்கானிக் பழுதுபார்ப்புப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா? காரைத் தூக்கச் சொல்லுங்கள். வெடித்த இடத்தை விட்டுவிட்டு மற்ற வளைவுகளை அளக்கச் சொல்லுங்கள். ரே ஸ்டக்கியையும் கூப்பிடுங்கள், டார்ச்சோடு வரட்டும்.

ஹாங்கி மேல் எனக்குக் கோபம் இருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும், வளைவுகள் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.