க்ளேட்டன் சுட்டுப் பார்த்த தோட்டா

எனக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது, ஷெரீப். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பிழைப்பு நடத்தினேன்.

ஐடஹோவில் எல்லோரும் தோட்டாவைக் கடையில் வாங்குவார்கள். நான் புதிதாக உருவாக்குகிறவன். பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெரித்து, வெடிமருந்தைக் கெட்டித்து, சின்னக் குண்டைச் செருகுவேன். குண்டு பறக்கும். கழுத்தை நெரிப்பது என்றால் கூட்டின் வாயைக் குறுக்குவது, தொழில் வார்த்தை; அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

என் முதல் தோட்டா துப்பாக்கியை விட்டு வெளியே வர மறுத்தது. அடுத்தது ஆர்வம் மிகுந்து பின்பக்கமாக வந்தது. அதற்கடுத்ததை வேட்டைப் பத்திரிகையில் புகழ்ந்தார்கள். மொன்டானாவிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

புதுத் தோட்டாவை யாரும் தோளில் வைத்துச் சுடுவதில்லை. துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டிவிட்டு, தூரத்திலிருந்து கயிற்றை இழுப்போம். கயிறு இழுக்க என் மனைவி லோர்னாவின் தம்பி க்ளேட்டன் வருவான். நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

சர்ச் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "எங்க அத்தான் தோட்டாவால மான் குண்டடி பட்டுச் சாகாது. சுடறவர் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சே செத்துடும்."

பாதிரியார் வாயிலிருந்த உருளைக்கிழங்கு மேஜையில் விழுந்தது. லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அந்த வாரம் புதுத் தோட்டா ஒன்றைத் தனியாகப் போய்ச் சோதித்தேன். துப்பாக்கி பிளந்தது. டயரிலும் பாதிதான் மிஞ்சியது. மருந்து அதிகம் என்று தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை அதே அளவு மருந்தைக் கெட்டித்து, வேறு துப்பாக்கியோடு க்ளேட்டனைக் குவாரிக்கு அழைத்துப் போனேன்.

"டயர் எங்க, அத்தான்?"

"எதுக்கு? தோள்ல வச்சே சுடு. அடி எப்படி இருக்குன்னு டயரா வந்து சொல்லப் போவுது?"

"கையிலயே வெடிச்சுத் தொலைக்காதே?"

"வெடிச்சா வந்து சொல்லு. மருந்தக் குறைச்சுடலாம்."

அதற்கும் சிரித்தான். சிரிப்பில் அவன் கஞ்சத்தனமே பார்த்ததில்லை. நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பிக்கப் வண்டிக்குப் பின்னால் போனேன்.

அவன் வந்து சொல்லவில்லை.

விருந்தில் நடந்த கேலிக்குப் பழிவாங்கினாயா என்று கேட்கிறீர்கள். அவ்வளவு சில்லறை மனிதனாக என்னை நினைத்துவிட்டீர்களே. அன்று சிரித்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். மற்றவர்களை நான் தொட்டேனா? தோட்டாவின் எல்லை எது என்று ஒரு மனிதத் தோள் சொன்னால்தான் நிச்சயமாகத் தெரியும். கேட்டதும் வந்தவன் அவன்.

மருந்தைக் கெட்டித்தது நான்தான். வெடிக்கும் என்றும் தெரியும். வண்டிக்குப் பின்னால் ஏன் ஒளிந்தாய் என்கிறீர்கள். ஒளியவில்லை, ஷெரீப். இந்தத் தோட்டாவைச் சரிசெய்து முடிக்க யாராவது ஒருவர் உயிரோடு இருக்க வேண்டாமா?