சீமாட்டி சாயும் பக்கம்

எல்லோரும் அந்த வண்டி மஞ்சள் நிறம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் இல்லை, ஐயா. வெண்ணெயில் இரண்டு சொட்டு தேநீர் விழுந்தால் ஒரு நிறம் வருமே, அதுதான். படப்பிடிப்பு விளக்குகள் அதை மஞ்சளாகக் காட்டிவிட்டன. சரியான நிறத்தைக் கலந்தெடுக்க எனக்குப் பதினோரு வாரம் பிடித்தது. நேற்று நீங்கள் என் மாதிரி வண்டியை மேசையில் வைத்து, "இந்த மஞ்சள் வேன் விஷயமா" என்று ஆரம்பித்தபோது நான் குறுக்கிட்டது அதனால்தான். திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். ஒளிக்க எதுவும் இல்லை. எழுதுகிறேன்.

நான் பல்செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; நான் சாந்தில் வார்த்து, மெழுகில் வடித்து, பல் பதித்துக் கொடுப்பேன். இந்த ஊரில் அறுபது தாண்டியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால் அதில் பாதி என் கைவேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும். அதனால் முப்பது வருடமாக ஒரு பழக்கம்: எந்த அளவைக் குறித்தாலும் பக்கத்தில் மணியையும் குறித்துவிடுவேன். சாந்து எத்தனை நிமிடம் இறுகியது என்று தெரியாவிட்டால் அந்த அளவை நம்ப முடியாது. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்துகொண்டிருந்தது. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப்போகும் ஒரு குடும்பம். வாரம் தவறாமல் சாமான்களைத் தப்பான வீட்டில் இறக்கிவிட்டு விழிப்பார்கள். அவர்களுடைய வேனுக்குச் சீமாட்டி என்று பெயர். ஓட்டுநர் பக்கத்தில் சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் வில் ஒடிந்துபோனதால் அவள் எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்தே ஓடுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அலமாரி, கட்டில், மாமனார் எல்லாம் சரிந்து ஓட்டுகிறவர் மேல் வந்து விழும். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் லேசில் சிரிக்கிறவள் இல்லை. என்னோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள், அவளைக் குறை சொல்ல முடியாது.

தொடர் முடிந்ததும் புதன்கிழமை வெறுமனே ஒரு கிழமையாகிவிட்டது. அப்போதுதான் சீமாட்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், ஆணி முதல் அச்சு வரை அப்படியே செய்து என் மனைவி முன்னால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் ஆரம்பித்தேன். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

"எனக்கு எதுக்குங்க பொம்மை? சாயங்காலம் கூட உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சாப் போதாதா?" என்றாள்.

அதற்கு எனக்கு நேரம் இருக்கவில்லை.

தொடருக்காகச் சீமாட்டியைப் பராமரித்த மெக்கானிக்கே கடைசியில் அவளைத் தன் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, தேடிக் கண்டுபிடித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி இல்லை. ஒரே மகள், நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஞாயிறுதோறும் நோட்டும் அளவுகோலுமாகப் போய் நின்றேன். அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. எனக்கு வண்டி கிடைத்தது. "டாக்டர்கூட என்னை இப்படித் தட்டித் தட்டிப் பாத்ததில்ல தம்பி" என்று கேலி செய்வார். அவர் தம்பி என்றதால் மகள் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் குழந்தைகள் இல்லை. அந்த வார்த்தை பிடித்திருந்தது.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு மதியம் போனபோது, மறுநாள் காலை சீமாட்டியை ஏற்றிப்போக ஆள் வருகிறது என்றார். எங்கோ வெளியூரில் ஒரு காட்சிக்கூடத்தில் வைக்கப் போகிறார்களாம். சைலன்சர் மட்டும் தொங்குகிறது, அதைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். எனக்குத் தலையில் கல் விழுந்ததுபோல இருந்தது. நான்கு அளவுகள் பாக்கி இருந்தன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற வளைவு தரையிலிருந்து எத்தனை உயரம் என்பது. வண்டி நிற்கிற நிற்பே அந்த நான்கு எண்களில்தான் இருக்கிறது. மிகச் சுலபமான அளவு என்பதால் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவர் ஓட்டுநர் பக்கத்தை ஜாக்கியில் தூக்கியிருந்தார். வழக்கமாக ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு கனமான கட்டையை முட்டுக் கொடுப்பார். அந்தக் கட்டை ஒடிந்த வில்லை மறைத்தது. ஒரு படம் எடுக்க வேண்டும் என்றேன். "உனக்கில்லாததா" என்று காலால் அதை நகர்த்திவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

ஜாக்கி தானாக இறங்கிவிட்டது என்று அன்று வந்த உங்கள் ஆட்களிடம் சொன்னேன். பழைய ஜாக்கி. எல்லோரும் நம்பினார்கள்.

அவர் கத்தவில்லை. வண்டி நெஞ்சின் மேல் இருந்தது; கத்துவதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. "தம்பி, யாரையாவது கூப்பிடு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கூப்பிட்டாச்சுண்ணே. வந்துட்டிருக்காங்க" என்றேன்.

கூப்பிடவில்லை. நிதானமாக யோசித்துப் பாருங்கள், ஐயா. ஆட்கள் வந்தால் வண்டியைத் தூக்குவார்கள், கம்பியை விட்டு நெம்புவார்கள், தகட்டை வளைப்பார்கள். மறுநாள் அவள் போய்விடுவாள். நான்கு எண்கள்; ஐந்து நிமிட வேலை. அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இருந்தது. ஐந்து நிமிடம் தாங்குவார் என்று பட்டது.

நான்கையும் எடுத்தேன். எடுத்து முடித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இத்தனை ஞாயிறுகளில் ஒருமுறைகூட வண்டியோடு என்னைத் தனியாக விட்டதில்லை அவர். கூடவே நின்று பேசிக்கொண்டே இருப்பார், எண்ணிக்கை தவறிவிடும். அன்று கொட்டகை அமைதியாக இருந்தது. பின்கதவின் தாழ்ப்பாள், கண்ணாடியின் சுற்று ரப்பர், பிரேக், கிளட்ச் மிதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"வராங்களா?" என்று கேட்டார்.

"வராங்கண்ணே."

ஒருமுறை நானும் கேட்டேன். பின் அச்சுக்கு மேலே ஒட்டுப் போட்டிருக்கிற தகடு எத்தனை கனம் என்று. அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவர் பதில் சொன்னார். "மூணு மில்லி. நான்தான் வெட்டிப் போட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "வராங்களா?"

வராங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மொத்தம் முப்பத்தெட்டு அளவுகள். எல்லாம் முடித்து, நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அப்பா கடைசி நேரத்துல தனியா இல்ல. நீங்க கூட இருந்தீங்களே சித்தப்பா, அது போதும்" என்றாள். ஆமாம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. சீமாட்டியை அவள் விற்கவில்லை. அந்த வாரமே உடைக்கக் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

அடுத்த எட்டு மாதம் மாதிரியில் உட்கார்ந்தேன். வேலை ஓடியது, மற்றது எதுவும் சரியாக இல்லை. வேலை மேசையில் குனிந்திருப்பேன், பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் கேட்பதுபோல இருக்கும். பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் "வராங்க" என்று சொல்லிவிட்டால்தான் வேலையைத் தொடர முடிந்தது. சில நாள் நாற்பது, ஐம்பது முறை சொல்லியிருக்கிறேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"யாருங்க வராங்க? எட்டு மாசமா இதையே சொல்றீங்க. ஒருத்தரும் வரக் காணோமே."

போன மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் மாதிரி செய்கிறவர்களின் கண்காட்சி. வண்டியின் அடிப்பக்கத்தையும் நடுவர்கள் பார்க்க வேண்டும் என்று கீழே ஒரு கண்ணாடி வைத்தேன். எங்களில் எல்லோரும் செய்வதுதான். சைலன்சரைக் கட்டிய கம்பிகூட இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அச்சுக்கு அடியில் ஒரு முகம் மல்லாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் முகம்தான். கண்ணாடியில் வேறு யார் முகம் தெரியும்? இருந்தாலும் அன்று முழுவதும் நான் மறுபடி குனியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற நடுவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. முதல் பரிசு அட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். பிற்பகலில் மகள் வந்தாள், வேலை உடுப்போடு. நான்தான் அழைத்திருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கினாள். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, "எல்லாம் அப்படியே இருக்கு சித்தப்பா. ஆனா இவ டிரைவர் பக்கம்தானே சாய்வா? நீங்க அந்தப் பக்கத்தைத் தூக்கி வச்சிருக்கீங்களே" என்றாள்.

உலகத்துக்கே தெரிந்த சாய்வு. தொடரின் பாதிச் சிரிப்பு அதில்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்: அளவு கையில் இருக்கும்போது நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. எண் சொன்னபடி வில்லை வைத்தேன், அவ்வளவுதான்.

அவள் வேறு எது சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். என் அளவு தப்பு என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தேன். நேரில் எடுத்த அளவு, பாரும்மா என்றேன்.

அவள் வாசித்தாள். விரலை வைத்து மறுபடி வாசித்தாள்.

"ஜாக்கில நின்னா இதைவிட ஒரு சாண் மேல இருக்கணும். தரையில நின்னா மூணு விரல் கீழ இருக்கணும்" என்றாள். "ரெண்டுக்கும் நடுவுல எப்படி சித்தப்பா நிக்கும்?"

அவள் தேதியைப் பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள். முதல் அளவு இரண்டு நாற்பது. கடைசி அளவு மூன்று இருபத்திரண்டு. ஆம்புலன்ஸ் அழைப்பு மூன்று இருபத்தைந்து என்பது அவளுக்கு மனப்பாடம். நடுவில் இருந்தது என்ன என்று அவளே புரிந்துகொண்டாள். நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்தை விட்டுப் போனாள். சித்தப்பா என்று பிறகு கூப்பிடவில்லை.

மிச்சம் ஒன்றுதான். ஜாக்கி தானாக இறங்கவில்லை. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியின் உயரத்தை அளந்து என்ன பிரயோஜனம்? இரண்டு நிமிடம் இறக்கித் தாருங்கள் என்று கேட்டேன். "வேலை முடியட்டும் தம்பி, எங்க போயிடப்போறா" என்று அடியிலிருந்தே சொன்னார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜாக்கியை இறக்கும் திருகைக் கால்வாசிச் சுற்றுதான் திருப்பினேன். வண்டிக்கும் தரைக்கும் எவ்வளவு இடம் இருக்கும் என்பது முந்தைய மாதமே எடுத்த அளவு. படுத்திருக்கிற ஆளுக்குப் போதும் என்று கணக்குப் போட்டேன். அவரை மட்டும் அளந்து பார்த்திருக்கவில்லை.

இன்று காலை என் மனைவி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லியிருக்கீங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாள். கொண்டுவந்த சட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, ஐயா. மறுக்கப்போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். மாதிரி வண்டியை வழக்கில் சேர்க்கும்போது, ஓட்டுநர் பக்கம் நான்கு மில்லிமீட்டர் தவறு என்று யாராவது எழுதக்கூடும். அப்படி எழுத விடாதீர்கள். அந்த உயரத்தை மூன்று முறை அளந்தேன். நான் அளந்தபோது சீமாட்டி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.