பெயரிடாத மனு

— இன்னொரு தபா வேணா பையக் கவுக்கறேன் சார். இருபத்தி மூணு தபாலுதான் கீது. காலைல லிஸ்டுல ஏறினதும் அதே இருபத்தி மூணுதான்.

— லிஸ்ட் சரியாத்தாம்மா இருக்கு, ஓவியா. அதுதான் எனக்கு உறுத்தல். தப்புப் பண்றவங்க லிஸ்டை ரொம்பச் சுத்தமா வெச்சுக்குவாங்க.

— இன்னா சார் இது பேஜாரு! தப்பா இருந்தாலும் சந்தேகம், சரியா இருந்தாலும் சந்தேகமா?

— அஞ்சல் ஆய்வாளருக்குச் சந்தேகப்படறதுக்குத்தாம்மா சம்பளம். நீங்க தபால்காரியாச் சேர்ந்து எட்டு மாசம். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து எடுத்த வேலை. சரிபார்ப்புல இந்த வைத்தீஸ்வரன் கையெழுத்து விழுந்தாத்தான் அது நிலைக்கும். அந்த நேரம் பார்த்து இப்படி ஒரு மொட்டைக் கடிதாசு.

— எழுதினவங்க பேரே இல்லியா சார்?

— பேர் இல்லை. தலையில பிள்ளையார் சுழி மட்டும் லட்சணமா இருக்கு. சிவசிவா! மனுஷன்கிட்டப் பேர் சொல்லப் பயம், பிள்ளையார்கிட்டப் பயமில்லை. படிக்கறேன், கேளுங்க. “ஐயா, இவ்வூர்க் கிளை அஞ்சலகத்தில் பணிபுரியும் ஓவியா என்பவள், தினந்தோறும் காலை பதினொன்று பத்துக்கு ஏரிக்கரை வேப்பமரத்தடியில் தபால் பையைக் கவிழ்க்கிறாள். அங்கே அவள் செய்வது யாது என்பதைத் தாங்களே விசாரித்து, மேற்படியாளைப் பணியிலிருந்து நீக்கும்படி வேண்டுகிறேன்.” தபாலையெல்லாம் ஏரியில கொட்டறீங்கன்னு நான் நினைக்கணுமாம்.

— கட்டு மாத்தறேன் சார். மெயின் ரோட்ல ஒண்ணாம் நம்பர்லேந்து அடுக்கிக்கினு வருவேன். ஏரிக்கரைத் தெருவுல கடைசி வூட்லேந்து உள்ள நுழையணும். அங்க ஒக்காந்து தலைகீழா அடுக்கினாத்தான் கை ஓடும். நீங்க வேணா வந்து பாருங்க.

— நேத்து வந்தேன். தயாளன் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தேன்.

— அய்ய! வேவு பாத்தீங்களா? அதான் தயாளண்ணன் என்னப் பாத்தும் பாக்காத மாரி கிளாஸ் கழுவிக்கினு இருந்தாரா!

— அவரைக் கோவிச்சுக்காதீங்க, நான்தான் சொல்லி வெச்சேன். நீங்க அடுக்கி முடிச்சீங்க, உண்மை. ஆனா உடனே கிளம்பலை. எதிர்ச்சாரி வீடுகளையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. யாருக்காக?

— வெயிலு சார். மூச்சு வாங்க நின்னேன்.

— அந்தத் தெருவுல உங்களுக்கு ஆகாதவங்க இருக்காங்களா?

— பதினேழாம் நம்பர்ல மட்டும் என்னப் பாத்தா கேட்டச் சாத்திக்குவாங்க. கம்பில சொருவிட்டு வந்துடுவேன்.

— யார் வீடு?

— தட்சிணாமூர்த்தின்னு, பழைய ஊர்க்காரரு. முன்ன இங்க பாதி நெலம் அவங்களுதுதான். அந்த நெலத்துல எழும்பின பிளாட்டுங்களுக்குப் பை மாட்டிக்கினு படியேறி ஒரு பொண்ணு தபால் குடுக்குதுன்னா, அவருக்குப் புடிக்காது போல.

— பெரிய மனுஷங்க இப்படி மொட்டைக் கடிதாசு எழுத மாட்டாங்க. மேல கேளுங்க. “சென்ற வாரம் மூன்று நாள் காய்ச்சலோடு வந்தாள். குடை கிடையாது. இடக்கால் செருப்பின் வார் அறுந்து, ஊக்குக் குத்தி நடக்கிறாள். இப்படிப்பட்டவள் இப்பணிக்கு உடல்தகுதி அற்றவள்.” காய்ச்சல் உண்மையா?

— உண்மைதான். எங்க வூட்டுக்காரரு விக்கிக்கு மட்டுந்தான் தெரியும்.

— அப்ப இதை எழுதினவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஊக்கு முதற்கொண்டு ஒருத்தன் தினம் உங்களைக் கவனிக்கறான். எனக்கு இது நல்லதாப் படலை. வேலைக்கு எடுத்த மார்க் பட்டியல்ல உங்களுக்கு அடுத்த பேர் சிவகுமார். நீங்க போனா வேலை அவனுக்கு. அவனா?

— ராஜகீழ்ப்பாக்கம் சிவகுமாரா? அவரு காலைலேந்து திருமுடிவாக்கம் பட்டறைல லேத்து ஓட்டிக்கினு கீறாரு. என் செருப்ப அவரு எங்க சார் பாத்தாரு?

— அவன் இல்லைன்னு அடிச்சுச் சொல்றீங்க. அப்படின்னா யார்னும் உங்களுக்குத் தெரியும்.

— தெரியாது சார்.

— குனிஞ்சுக்கிட்டுச் சொல்றீங்களே. சரி, காவல் நிலையத்துல கொடுத்துடறேன். அவங்க விசாரிக்கட்டும்.

— வேணாம் சார்! போலீசு மட்டும் வேணாம். வேலை போனாலும் பரவால்ல.

— வேலை போனாலுமா? யாரைக் காப்பாத்தறீங்க நீங்க? இப்பத்தான் உங்க மேல எனக்கு நிஜமாவே சந்தேகம் வருது. இந்த உறையைப் பாருங்க. இந்த அஞ்சலக முத்திரை, பத்தாம் தேதி. அன்னிக்குத் தபால் பெட்டியைத் திறந்தது யார்?

— நான்தான்.

— முத்திரை குத்தினது?

— அதுவும் நான்தான் சார். பைல போட்டுக் கட்டி உங்களுக்கு அனுப்பிச்சதும் நான்தான்.

— மேல இருக்கற கையெழுத்து யாருதுன்னு தெரிஞ்சா?

— தெரிஞ்சுதான். அந்தக் கையி உங்களுக்கு எழுதுதுன்னா, என் வேலைக்கு வேட்டு வெக்கத்தான்னும் தெரியும்.

— அங்கேயே கிழிச்சுப் போட்டிருக்கலாமே. ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காது.

— உங்க பேருக்கு விலாசம் போட்டிருந்துது சார்.

— சிவசிவா.

— இன்னா சார், கண்ணாடியக் கழட்டிட்டீங்க? திட்றதுன்னா திட்டிடுங்க.

— திட்டலைம்மா. தன் மேல வந்த புகாரைத் தானே முத்திரை குத்தி அனுப்பி வெச்ச ஒருத்தரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அந்தப் பேனாவை இப்படித் தள்ளுங்க. இதோ, போட்டாச்சு. வேலை உங்களோடது. யார் எழுதினாங்கன்னு இனிமே கேக்க மாட்டேன்.

— நெசமாவா சார்?

— நிஜமாத்தான். பேரில்லாத மனு மேல நடவடிக்கை கிடையாது. இது எந்த ஃபைல்லயும் இருக்க வேண்டாம், உங்க கண்ணெதிரவே நாலாக் கிழிச்சுடறேன்.

— கிழிக்காதீங்க சார், எனக்குக் குடுத்துடுங்க! என் கல்யாணத்துக்கப்புறம் எங்கப்பா கையால என் பேர எழுதினது அது ஒண்ணுதான்.