அவர் தேர்ந்தெடுத்த கன்வெர்ட்டர்

ஒரு வண்டிக்குக் கன்வெர்ட்டர் வாங்குவது தக்காளி வாங்குவதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. அழுகாததாக இருக்க வேண்டும், நம் பைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வரும் என்கிறேன் பாருங்கள், பழக்கதோஷம். வந்திருக்கும்.

நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள், நாற்காலியும் வசதியாக இருக்கிறது. அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னீர்கள். அவசரமில்லை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது உங்கள் தப்பில்லை. என் வீட்டில் அந்த வார்த்தை அளவுக்கு மீறிப் புழங்கிவிட்டது.

வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது உங்கள் ஸ்டேஷன் வளாகத்தில்தான் நிற்கிறதாம். பெரிய சக்கரங்கள், உயரமான உடம்பு, கதவெல்லாம் முள் கீறிய கோடுகள். ரோடே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்று வாங்கியது. பாறை மேல் ஏற்றுவார், ஓடைக்குள் இறக்குவார், சேற்றில் புதைந்தால் அதற்கும் சந்தோஷப்படுவார். கூடவே ஒரு சிநேகிதர், அவரை இந்த வண்டிக்காரர்கள் கூட்டத்தில் எல்லோரும் பள்ளம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் பட்ட எந்தப் பள்ளத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை.

போன வருஷம் ஒரு பாறை ஏற்றத்தில் வண்டியின் வயிறு இடித்தது. இடித்த இடத்தில்தான் கன்வெர்ட்டர் இருந்தது. இன்ஜினிலிருந்து வரும் விஷப் புகையைச் சுத்தம் செய்து பின்னால் அனுப்புகிற பெட்டி அது. உள்ளே தேனடை மாதிரி பீங்கான் இருக்கும். இடித்த சூட்டோடு இவர் வண்டியை ஓடைக்குள் இறக்கினார், பீங்கான் விரிசல் விட்டுவிட்டது. வீட்டுக்கு வரும்போது டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டினார். பிரச்சினைகளை அவர் தீர்க்கிற விதம் அது.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, "மாத்திடலாம் சார், ஒரு நாள் வேலை, எதை மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். என் வீட்டுக்காரர் சொன்னார்:

"பார்க்கலாம்."

அதோடு என் நிம்மதி போயிற்று. கம்பெனி பார்ட்டையே போட்டால் கச்சிதமாக உட்காரும், ஆனால் அதே தாழ்ந்த இடத்தில் தொங்கும், மறுபடி பாறையில் இடிக்கும் என்றார். வேறு கம்பெனிக்காரன் அதே அளவில் செய்கிறான், போல்ட் போட்டு மாட்டினால் போதும், ஆனால் எத்தனை நாள் உழைக்கும் என்றார். நடுக்குழாயை வெட்டிவிட்டு எல்லா வண்டிக்கும் பொதுவாக வருகிற சின்னப் பெட்டியைக் கொஞ்சம் உயரத்தில் வெல்டிங் செய்யலாம், ஆனால் புகையை அளக்கிற சென்சாருக்கு இடம் சரியாக வருமா என்றார். பள்ளம் வந்து, "உள்ளே இருக்கறதைத் தட்டிக் கொட்டிட்டு வெறும் குழாயா விட்டுடுய்யா, இன்ஜின் பறக்கும்" என்று ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வோமே என்று இவர் அதையும் சல்லடை போட்டுச் சலித்தார். எதையும் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். வேண்டாம் என்றால் அதுவும் ஒரு முடிவாகிவிடுமே.

சாப்பிடும்போது படித்தார், கழிப்பறையில் படித்தார், என் அக்கா வீட்டுத் துக்கத்துக்குப் போன இடத்திலும் ஓரமாக நின்று போனில் எவனோ எழுதியதைப் படித்தார். பிறகு அட்டைப்பெட்டி வந்தது. ஒவ்வொரு கன்வெர்ட்டரின் அளவுக்கும் அட்டையை வெட்டி ஒட்டி, உண்மையான கன்வெர்ட்டர் மாதிரியே செய்தார். கைவேலை சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். நாங்கள் அவற்றைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். ஒருநாள் குழம்புக் கிண்ணம் வைக்க இடமில்லாமல் ஒரு பெட்டியை நகர்த்தினேன். "அதை ஏன் எடுத்தே, ஒப்பிட்டுப் பார்த்துட்டு இருக்கேன்ல" என்றார். பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பார். நான் மல்லாந்து படுத்து அட்டைப்பெட்டியைக் குழாயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், அவர் வெளியே குந்தி உட்கார்ந்து தரைக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். "இன்னும் கொஞ்சம் மேலே. அசையாதே. சரி, அடுத்த பெட்டி." என் கை மரத்துப் போகும். கண்ணில் துரு விழும். அங்கே படுத்திருந்தபோதுதான் பழைய கன்வெர்ட்டர் குழாயோடு சேர்கிற முன் மூட்டு வாய் பிளந்திருப்பதைப் பார்த்தேன். அதற்கு நேர் மேலே வண்டியின் தரையில் இரண்டு ஓட்டைகள். ஓடையில் இறங்கினால் உள்ளே புகுந்த தண்ணீர் வடிவதற்காக வைத்த ஓட்டைகள் அவை, மற்ற நேரத்தில் ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கும். அன்றைக்குக் கழுவுவதற்காக நான் கழற்றியிருந்ததால் மூடி இல்லை. ஓட்டை வழியாக, உள்ளே ஏறி ஏதோ தேடிக்கொண்டிருந்த அவருடைய செருப்பு தெரிந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன், பார்க்கலாம் என்றார். பிறகு டாக்டரிடம் போகலாம் என்றேன், எந்த டாக்டர் நல்லவர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். கைராசிக்காரர் ஒருவர், படித்தவர் ஒருவர், பக்கத்தில் இருப்பவர் ஒருவர். விசாரித்து முடிப்பதற்குள் என் உடம்பு தன் முடிவைத் தானே எடுத்துவிட்டது. குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன அறையில் இப்போது பழைய டயர்கள் இருக்கின்றன. நான் அதற்காக ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டுச் சத்தம் வெளியே கேட்டதே கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் ஒருநாள் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றான், உள்ளே வரவில்லை. "அக்கா, சார்கிட்டப் பேச ஆரம்பிச்சா எந்தப் பார்ட்டுன்னு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடுவார், எனக்குத் தெம்பு இல்லை. நீங்களே சொல்லிடுங்க. அந்த மூட்டு திறந்துக்கிட்டு இருக்கு, புகை மேலே வருது. ஓடும்போது காத்துல போயிடும். நிறுத்தின இடத்துல இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உக்காரவே கூடாது. தரையில ரப்பர் மூடி ரெண்டும் எப்பவும் இறுக்கமா இருக்கட்டும். அந்தப் புகையில இருக்கற விஷத்துக்கு வாசனை கிடையாது அக்கா, தூங்கினா தூங்கினதுதான்."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லத்தான் உள்ளே போனேன். அவர் மேசையில் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக் வந்தான், வண்டியைப் பத்தி ஒண்ணு சொன்னான்" என்று தொடங்கினேன். தலையை நிமிர்த்தாமலே "பார்க்கலாம்" என்றார். என்ன சொன்னான் என்றுகூடக் கேட்கவில்லை. சரி, பார்க்கட்டும் என்று நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு செய்தியை ஒருவர் வேண்டாம் என்கிறபோது வாயைப் பிளந்து ஊட்டவா முடியும்?

என் யோசனையையும் சொல்லிவிட்டேன், அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதே அளவில் போல்ட் போட்டு மாட்டுகிற பெட்டியை வாங்குங்கள், பாறை இடிக்காமல் அடியில் ஒரு கெட்டித் தகடு போட்டுக்கொள்ளலாம் என்றேன். மெக்கானிக்கும் அதையேதான் சொன்னான். "நீ சொல்றதும் சரிதான்" என்றார். என்னுடைய எந்தப் பேச்சுக்கும் அவர் வைத்திருந்த கல்லறை அந்த வாக்கியம். பச்சைத் திரைச்சீலை என்றேன், நீ சொல்றதும் சரிதான் என்றார், ஜன்னல் இன்றுவரை மொட்டையாக இருக்கிறது.

வண்டியைக் கழுவுவது என் வேலை. அவர் ஓடையில் இறக்கிவிட்டு வருவார், நான் விரிப்புகளை எடுத்து, மூடிகளைப் பிடுங்கி, சேற்றைத் தள்ளிக் கழுவி, காய்ந்த பிறகு மூடிகளைத் திரும்ப அழுத்துவேன். அவை லேசில் உட்காராது, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அமுக்க வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வண்டி வாங்கியதிலிருந்து அந்த மூடிகள் இருக்கின்றனவா என்று அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. நான் போட்டிருப்பேன் என்று தெரியும். அந்த நம்பிக்கையை நான் கெடுத்ததே இல்லை.

அவருடைய அந்தக் கடைசிக் காட்டுப் பயணத்துக்கு முன்பும் கழுவினேன். ஈரம் காயட்டும் என்று மூடிகளை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். கரண்டிகள் இருக்கும் இழுப்பறையில் வைத்தேன். வண்டி காய்ந்தது. சாக்குத்துணி விரிப்புகளை மட்டும் எடுத்துப்போய் ஓட்டைகளின் மேல் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டேன். மறந்துபோய்ச் செய்ததா என்று நீங்கள் கேட்கிறீர்கள். இல்லை. கரண்டி எடுக்க இழுப்பறையைத் திறக்கிறபோதெல்லாம் அவை என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. நான் வஞ்சம் வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரே ஒரு தடவை அவராகக் குனிந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன். பார்த்திருந்தால், மூடி எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பின்சீட்டை மடித்துப் படுக்கையைப் போட்டார். பள்ளம் தன் வண்டியில் முன்னால் போனார். அவர்கள் வழக்கமாகப் போய்த் தங்குகிற மேட்டுக் காட்டில் குளிர் எலும்பைத் தொடும், பள்ளம் கூடாரத்தில் படுப்பார், இவர் எப்போதும் வண்டிக்குள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். இது எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். தலையணை உறை மாற்றிக் கொடுத்ததே நான்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் செய்தார். நன்றாகக் குளிர்கிறது, ஹீட்டர் போட்டிருக்கிறேன் என்றார். பிறகு கேட்டார், "ஏம்மா, ராத்திரி இன்ஜின் ஓடட்டுமா, நிறுத்திடட்டுமா?"

"ஓடட்டும்" என்றேன்.

இதில்தான் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள். என் பேச்சை அவர் கேட்டதே கிடையாது. இடது பக்கம் திரும்புங்கள் என்றால் வலது பக்கம் போவார், குடை எடுத்துப் போங்கள் என்றால் நனைந்து வருவார். நான் ஓடட்டும் என்றால் அவர் நிறுத்திவிடுவார், இல்லாவிட்டால் நிறுத்தலாமா வேண்டாமா என்று விடிய விடிய யோசித்துக்கொண்டு விழித்திருப்பார். எப்படியும் பிழைத்துக்கொள்வார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான், அந்தக் கணக்கில்தான் அப்படிச் சொன்னேன். நியாயமாக யோசித்தால் அவரைக் காப்பாற்றத்தான் ஓடட்டும் என்றேன். காலையில் பள்ளம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தபோது, இவராக எடுத்த முடிவு இப்படியா ஆக வேண்டும் என்றுதான் அழுதேன்.

அதே போனில் வேறு ஏதாவது பேசினாரா என்று கேட்கிறீர்கள். பேசினார். அது முதலிலேயே பேசியது, இன்ஜினைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு. அதைச் சொல்ல வேண்டுமா? சரி.

போனை எடுத்ததுமே, "முடிவு பண்ணிட்டேம்மா" என்றார். குரலில் அப்படி ஒரு சிரிப்பு. "கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டாச்சு. நீ சொன்னதுதான், போல்ட் போட்டு மாட்டறது. இங்கே தனியா உக்காந்து யோசிச்சேன். இத்தனை வருஷமா உன் பேச்சைக் கேட்காம எல்லாத்தையும் இழுத்தடிச்சுட்டேன். தப்புதான். இனிமே எதுவா இருந்தாலும் நீ என்ன சொல்றியோ அதுதான், உடனே செஞ்சுடறேன்."

பிறகுதான் இன்ஜின் ஓடட்டுமா என்று கேட்டார். நான் ஓடட்டும் என்றேன். அவர் உடனே "சரி" என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு, மேசையிலிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் மிதித்துத் தட்டையாக்கிக் குப்பையில் போட்டேன். கிண்ணத்தை மேசை நடுவில் வைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன்.