பின்வாசலில் ஒரு பச்சைக் குடை

எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதிகமாகத் தொலைவது குடைதான், மேடம். ஆயிரம் பக்கம் ஆய்வேடு எழுதியவர்கள்கூட மழை விட்டதும் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். அதற்காகவே எங்கள் வாரமடலில் 'கண்டெடுத்தவை' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறேன். இதை ஏன் முதலில் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கே ஆரம்பிப்பது என்பதை நீங்கள்தான் என் விருப்பத்துக்கு விட்டீர்கள்.

மடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் அது பேராசிரியர், ஊழியர், மாணவர் என்று எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் போகும். எந்த அரங்கில் யார் பேசுகிறார்கள், எந்தக் கட்டடத்தில் தண்ணீர் வராது, எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எந்த நாட்டு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், எல்லாம் அதில் இருக்கும். மக்கள் தொடர்பு அலுவலகத்தின் கோடியில், ஜன்னல் இல்லாத அறையில், அதைத் தயாரிப்பவன் நான் ஒருவன்தான். என் பெயரைச் சொன்னால் வளாகத்தில் யாருக்கும் தெரியாது. 'மடல் சார்' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

எங்கள் வளாகத்தில் ஒரு பழக்கம். யாரும் யாருக்கும் நேரில் எதையும் சொல்வதில்லை. லிஃப்ட் ஓடாவிட்டாலும் சரி, துணைவேந்தர் மாறினாலும் சரி, "மடல்ல போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். போட்டாச்சு என்றால் அத்தோடு எல்லாருடைய பொறுப்பும் தீர்ந்தது. படிக்காமல் விட்டவன் பாடு.

"நீங்க போடலைன்னா நாளைக்குச் சூரியன் உதிச்சாக்கூட நம்ம ஆளுங்க நம்ப மாட்டாங்க, மடல் சார்" என்று எங்கள் இயக்குநர் அம்மா சொல்வார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரே தங்கை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுக்கு இழுப்பு உண்டு. முதலில் இரண்டு சின்ன இருமல் வரும், கொஞ்சம் இடைவெளி விட்டு நீளமாக ஒன்று வரும். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த முதல் இரண்டிலேயே எனக்கு விழிப்பு வந்துவிடும். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணம் என்ற ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. தியாகம் என்றெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது.

அவள் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே புவியியல் படித்தாள், முனைவர் பட்டமும் வாங்கினாள். அந்த வருடம் மடலில் போடச் சொல்லி ஒரு வாய்ப்பு வந்தது. தூர தேசம் ஒன்றில் ஆய்வு உதவித்தொகை. அவளுடைய துறை, அவளுடைய தலைப்பு. அவளை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருந்தது. பனி கொட்டும் ஊர். அவளுடைய நெஞ்சுக்கு அந்தக் குளிர் ஆகாது.

மடல் அனுப்பும் மென்பொருளில் 'மாதிரிப் பிரதி' என்று ஒரு வசதி இருக்கிறது. எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன் பிழை பார்ப்பதற்காக யாராவது ஒருவருக்கு மட்டும் அனுப்பிக்கொள்ளலாம். அவளுடைய முகவரியைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அவளுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பிரதி அனுப்பினேன். எல்லாம் அப்படியே இருந்தது, அந்த ஒரு வாய்ப்பைத் தவிர.

அதில் பொய் எதுவும் இல்லை. வாசகருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பார்ப்பது எந்த ஆசிரியரும் தினமும் செய்கிற வேலைதான். என் விஷயத்தில் வாசகர் ஒருவர், அவ்வளவுதான்.

பிறகு அது வாரவாரம் வழக்கமாகிவிட்டது. வெளியூர் வேலைகள் அவளுடைய மடலில் வராது. எங்கள் வளாகத்துத் தற்காலிக விரிவுரையாளர் பணி மட்டும் கொட்டை எழுத்தில் வரும். அதில் சேர்ந்தாள். வருடாவருடம் நீட்டித்தார்கள். மாலையில் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்து வருவோம்.

"எல்லாருக்கும் எங்கெங்கேயோ வாய்ப்பு வருதுண்ணா. எனக்கு மட்டும் ஒண்ணும் கண்ணுல பட மாட்டேங்குது."

"வரும், பாப்பா. என்ன அவசரம்?"

"அவசரமா? தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு, போ."

அப்போது நான் அவளுக்குப் பிடித்த எலுமிச்சைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் மனம் சமாதானமாகிவிட்டது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இலைக்காரர் அதற்குப் பிறகு வந்தவர். தாவரவியல் துறை. காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் பழைய கட்டடம் ஒன்று எங்களிடம் உண்டு, தாவரக் காப்பகம் என்போம். அவர் பொழுதெல்லாம் அங்கேதான் போகும். பின்வாசலுக்கு ஒரு சாவியே அவரிடம் இருந்தது. எப்போதும் காய்ந்த இலைகளோடே இருப்பதால் வளாகத்தில் அவருக்கு அந்தப் பெயர். என் தங்கைக்கும் அவருக்கும் பழக்கமாகி, ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். நல்ல மனிதர்தான். அளவாகப் பேசினார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவினார்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளி தட்டைக் கழுவுகிறார் என்றால், இனி விருந்தாளியாக இருக்கப் போவதில்லை என்று அர்த்தம்.

சில வாரம் கழித்து இருவரும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். அவள் மேசை நுனியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா, என் மடல் மட்டும் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கு? வீட்டுல நீ சமைச்சுப் போடற லட்சணம் அதுக்கும் ஒட்டிக்கிச்சா?"

எனக்குப் புரியவில்லை என்றேன்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம் சார்" என்றார் இலைக்காரர். "எனக்கு வந்ததுல வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் இருக்கு. இவங்களுக்கு வந்ததுல ஒண்ணுகூட இல்லை. போன வாரமும் அப்படித்தான். உங்க மென்பொருள்ல ஏதோ கோளாறு போல."

"இருக்கும். பழைய மென்பொருள்."

"அதான் கணினிப் பிரிவு ஆளுகிட்டச் சொல்லி வச்சேன். வர்ற வியாழக்கிழமை வந்து முழுசா நோண்டிப் பார்க்கிறேன்னார். உங்களுக்கு ஒரு தலைவலி மிச்சம்."

அவர் கண்ணில் சந்தேகம் எதுவும் இல்லை. உதவி செய்கிற சந்தோஷம்தான் இருந்தது. சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பேசிப் பார்த்திருக்கலாம்.

"அதுவரைக்கும் உன் மடலை நான் திறக்கப் போறதில்லை" என்றாள் தங்கை. "இவருக்கு வர்றதையே எனக்கு அனுப்பச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கோம். கோவிச்சுக்காதேண்ணா."

"கோபமெல்லாம் இல்லை, பாப்பா."

கோபம் இல்லைதான். வியாழக்கிழமை அந்த ஆள் கணினியைத் திறந்தால் என்ன தெரியும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். வாரவாரம் அவளுக்குப் போன ஒவ்வொரு மாதிரிப் பிரதியும் அதில் அப்படியே இருந்தது. அழித்தால் அழித்ததும் தெரியும். இலைக்காரர் கிளப்பாவிட்டால் கணினிப் பிரிவு ஆள் தானாக எதையும் செய்கிறவர் இல்லை. அவரைப் பல வருடமாக எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை தாவரக் காப்பகத்திலிருந்து மடலுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. செடிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆண்டுதோறும் அந்தக் கட்டடத்தை அடைத்து உள்ளே நச்சுவாயு செலுத்துவார்கள். இந்த முறை புதன்கிழமை. அன்று யாரும் உள்ளே போகக் கூடாது. புதன்கிழமை மதியம் இலைக்காரர் வழக்கமாகப் பின்வாசல் வழியாக உள்ளே போகிறவர். அவரிடம் யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். மடலில்தான் போட்டாகிவிட்டதே.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல மடல் போனது. தங்கையின் பிரதியில் அந்த அறிவிப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன், தடித்த எழுத்தில். அதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். இலைக்காரருக்கு மட்டும் அன்று ஒரு மாதிரிப் பிரதி போனது. அதில் அந்த அறிவிப்பு இல்லை.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை. வாயு செலுத்துகிறவர்கள் வேலையை முடித்து, முன்கதவைப் பூட்டி, பின்கதவில் எச்சரிக்கைப் பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். மண்டையோடு வரைந்த பலகை. மழையில் எழுத்து அழிந்துவிடுமே என்று அதைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுவந்தேன்.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. அன்று காலையில் நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொன்னதைச் சொல்கிறேன்.

மதியம் பலகையைத் திரும்ப மாட்டப் போனேன். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும் என்று என் கணக்கு. மழை விட்டிருந்தது. பின்கதவு சாத்தியிருந்தது, சாவி வெளியே பூட்டிலேயே தொங்கியது. கதவருகே சுவரில் ஒரு குடை சாய்ந்திருந்தது. பச்சைக் குடை. அதன் கம்பி ஒன்று துணியைவிட்டுப் பிய்ந்து, நீல நூலால் தைத்திருந்தது. பச்சை நூல் வீட்டில் இல்லாததால் நீல நூலில் தைத்தவன் நான்தான்.

இலைக்காரருக்கு அன்று வகுப்பு நீண்டுவிட்டதாம். ஏதோ ஒரு செடி அட்டை உடனே வேண்டுமாம். "நான் போய் எடுத்துட்டு வர்றேன், சாவியைக் குடுங்க" என்று அவள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இலைக்காரர் அனுப்பி அவள் நம்பிப் படித்த மடலில் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது பிறகு எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது குடை மட்டும்தான்.

இல்லை. குடை மட்டும் இல்லை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஓர் இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று.

அந்தக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கவில்லை. தள்ளினால் திறந்துகொள்ளும். கதவுக்கும் எனக்கும் நடுவே ஒரு படிதான் இருந்தது. என் கையில் அந்தப் பலகை இருந்தது. கதவைத் திறந்தால் அவள் முதலில் என்னைப் பார்ப்பாள். அப்புறம் என் கையைப் பார்ப்பாள். அவள் புத்திசாலி, மேடம். பலகையைப் பார்த்தால் மடல் ஞாபகம் வரும், மடல் ஞாபகம் வந்தால் இத்தனை வருடமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அவள் பிழைத்துக்கொள்வாள். என்னிடம் மட்டும் இருக்க மாட்டாள்.

பலகையைக் கீழே போட்டுவிட்டுத் திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பலகையை ஆணியில் மாட்டினேன். கோணலாக இருந்தது, நேராக்கினேன். அதற்குள் உள்ளே அமைதியாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் கிடந்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சாவி அவருடையது என்பதால் இலைக்காரரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனீர்கள். "எனக்கு வந்த மடல்ல அந்த அறிவிப்பே இல்லைங்க" என்று அவர் அழுததை வளாகத்தில் ஒருவரும் நம்பவில்லை. மடலில் போட்டாயிற்று, கதவில் பலகையும் தொங்குகிறது, இந்த ஆள் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாரே என்றார்கள். கணினிப் பிரிவு ஆள் வியாழக்கிழமை வரவில்லை. அன்று அவரும் இரங்கல் கூட்டத்தில் என் பக்கத்தில்தான் நின்றார், என் தோளைப் பிடித்துக்கொண்டு.

இரங்கல் செய்தியும் என் பகுதிதான். தற்காலிக விரிவுரையாளருக்கு இரண்டு வரி என்பது விதி. அவளுக்கு நான்கு வரி கொடுத்தேன். இயக்குநர் அம்மா ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மடலும் நேரத்துக்குப் போனது. இலைக்காரரை அதற்குள் நீங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். அவரைப் பொதுப் பட்டியலில் திரும்பச் சேர்த்திருந்தேன், அவருக்கும் முழு மடலே போனது. அவர் அதை வரி வரியாகப் படித்திருக்கிறார். கடைசிப் பகுதிவரை வந்து, அங்கே நின்றுவிட்டார். அந்த நிமிடமே உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்.

'கண்டெடுத்தவை: பச்சைக் குடை ஒன்று. ஒரு கம்பி நீல நூலால் தைக்கப்பட்டது. இடம்: தாவரக் காப்பகப் பின்வாசல். நேரம்: புதன் மதியம். உரியவர் மடல் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.'

இடத்தையும் நேரத்தையும் ஏன் போட்டீர்கள் என்று உங்கள் உதவி ஆய்வாளர் கேட்டார். அவற்றைப் போடாமல் அந்தப் பகுதியில் எதையும் வெளியிடுவதில்லை. அந்தக் குடையைப் பற்றி எழுதாமலே இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காதே, மூளை இருக்கிற ஆள் இதைச் செய்வானா என்றும் கேட்டார். அவர் சின்ன வயதுக்காரர், அவருக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டுச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் திருட்டு. நான் திருடன் இல்லை, மேடம்.