நான்காம், ஐந்தாம் வரிசைத் தோட்டாக்கள்

பெயர்: தக்சாயினி சிவகுருநாதன். வயது: முப்பத்தொன்று. தொழில்: செயற்கைப் பற்கள் செய்யும் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். முகவரி: ஹனோவர், லின்டன் பகுதி, மூன்றாம் மாடியில் வாடகை வீடு, தாயார் புஸ்பவதியுடன் வசிக்கிறேன். கட்டடத்தின் நிலவறையில் எங்களுக்கென்று பூட்டுப் போட்ட ஓர் அறை உண்டு. நாள்: 2025 ஒக்டோபர் 11, சனிக்கிழமை. எழுதத் தொடங்கிய நேரம்: காலை 9.25.

கடந்த வியாழக்கிழமை இதே பொலிஸ் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அன்று நான் சொல்லாதவற்றை முதலில் எழுதுகிறேன். நான் நிரப்பியது ஐம்பது தோட்டா. முப்பது என்று சொன்னேன். மிகுதி இருபதையும் வேறொருவருக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. வெடிமருந்து அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்டபோது, எப்போதும் என்னுடன் இருக்கும் என்றேன். அது வீட்டுப் புத்தகத் தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது.

அன்று ஜெர்மன் மொழியில் பேசினேன். இன்று தமிழில் எழுத அனுமதி கேட்டேன். சரியான சொல் வராமல் மாறிச் சொல்லிவிட்டேன் என்று பின்னால் சொல்ல எனக்கு இடம் இருக்கக் கூடாது.

இன்று 9.12க்கு இங்கே வந்து, பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே ஒரு சுடுகூடத்தில் 9.30க்குப் போட்டி தொடங்குகிறது என்றும், அங்கே நிருஜன் என்பவரிடம் வெடிக்கக்கூடிய இருபது தோட்டாக்கள் இருக்கின்றன என்றும் சொன்னேன். அதிகாரி உடனே அந்த நகரப் பொலிசை அழைத்தார். சுடுகூடத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஒரு வாகனம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். பதில் வரும்வரை நடந்ததை ஒழுங்காக எழுதும்படி அதிகாரி சொன்னார். அதன்படி எழுதுகிறேன்.

நான் நான்கு வருடங்களாகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினர். இரண்டு வருடங்களுக்கு முன் பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, வெடிபொருள் சட்டத்தின்படி வீட்டில் தோட்டா நிரப்பும் அனுமதி பெற்றேன். சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைச் சுத்தம் செய்து, மருந்தை நிறுத்து இட்டு, புதிய குண்டு பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவதுதான் வேலை. அனுமதி என் சொந்தப் பாவனைக்கு மட்டும். உறவினர் யாருக்கும் இது தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவருக்கு இது பிடிக்காது, ஆனால் தடுத்ததில்லை. வாசிப்பதைப் போலவே இதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்து வந்தேன்.

ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு நிலவறைக்குப் போனேன். அலுமாரியிலிருந்து சிறிய மின்தராசை எடுத்து, அதன் தட்டை மேலே வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஒன்றாம் கோதிலிருந்து ஐம்பதாம் கோது வரை வரிசையாக நிறுத்து நிரப்பினேன். பத்துக்கு ஒரு முறை வெறும் தட்டை வைத்துச் சுழியத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்த விதி. அன்று நான் அதைச் செய்யவில்லை. நான்கரைக்கு ஆள் வருவதாக இருந்தது.

வந்தவர் நிருஜன். வயது முப்பத்தாறு, பீலெஃபெல்டில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். தோட்டா நிரப்பும் அனுமதி அவருக்கு இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டப் போட்டியில் சந்தித்தோம். அந்த மண்டபத்தில் தமிழர் நாங்கள் இருவரும்தான். அவருடைய நிற்கும் முறையை நான் ஒரு தடவை திருத்தியதிலிருந்து என்னை ரீச்சர் என்று கேலியாக அழைப்பார். முதல் நாள் ஹம்பேர்க்கில் வாங்கிய சாமான்களோடு அன்று வீடு திரும்பும் வழியில் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். அது ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்துக் குழி உள்ள பெட்டி.

"என்ன ரீச்சர், இட்டலி அவிச்ச மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறியள்? ஒரு இருபதைத் தாங்கோ. சனிக்கிழமை போட்டி."

"ஏலாது அண்ணை. இது எனக்கு மட்டும்தான் அனுமதி."

"தோட்டாவில உங்கட பேரே எழுதிக் கிடக்கு? கடையில வாங்கிறது ஒண்டும் உங்கட மாதிரி நேராப் போகுதில்லை. வெண்டால் கேடயத்தில பாதி உங்களுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகு நான்காம், ஐந்தாம் வரிசைகளில் இருந்த இருபதையும் எடுத்து அவருடைய சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். என் வேலையை ஒருவர் மெச்சியது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை.

ஒக்டோபர் 9, வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்கு எங்கள் கழகத்தின் சுடுகூடத்துக்குப் போனேன். முதல் வரிசையிலிருந்து தொடங்கி இருபத்திரண்டு தோட்டா சுட்டேன். இருபத்துமூன்றாவது என் கையில் வெடித்தது. வழமையான சத்தம் இல்லை. துப்பாக்கியின் பக்கத் தகடு பிளந்து, கோதின் துண்டொன்று இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரல் கீழே ஏறியது. வலது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கிழிந்தது. பாதுகாப்புக் கண்ணாடியில் மூன்று வெடிப்புகள் இருந்தன. பொறுப்பாளர் பொலிசுக்கும் அவசர வண்டிக்கும் அறிவித்தார். பெட்டியில் மீதியிருந்த ஏழு தோட்டாக்களையும் பொலிசார் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் கன்னத்தில் நான்கு தையல் போட்டார்கள். அதன் பிறகுதான் இங்கே வந்து மேலே சொன்ன முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அன்று எனக்கிருந்த பயம் அனுமதி போய்விடும் என்பது மட்டுமே. நிருஜனிடம் இருந்த இருபதும் அப்போது எனக்கு ஒரு சட்டப் பிழையாகத்தான் தெரிந்தன.

ஒக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தேன். பிற்பகல் மூன்று மணியளவில் அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என் கன்னத்துக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணுக்கு ஒரு விரல் கீழ. ஆர் காப்பாத்தினதெண்டு உனக்கு விளங்குதோ, பிள்ளை?"

"கண்ணாடி காப்பாத்தினது, அம்மா."

"கண்ணாடியாம். நான் உன்ர தராசைக் கொண்டந்து சரஸ்வதிக்கு முன்னால வைச்சபடியால்தான் கண் தப்பினது."

எந்தத் தராசு என்று கேட்டேன்.

"கீழ அலுமாரியில கிடக்கிற குட்டித் தராசு. போன கிழமை பூசையண்டு நீ வேலைக்குப் போட்டாய். படைக்கப் புத்தகம் எடுக்கேக்க பின்னால திறப்புக் கிடந்தது. பல்லு வேலைக்குரிய ஊசியளும் வைச்சனான், அதையும் வைச்சனான். கையால செய்யிற வேலையெல்லாம் அண்டைக்கு வைக்கோணும். மருந்துப் பேணியைத் தொடேல்லை, சத்தியமா."

"சந்தனம் வைச்சனீங்களோ?"

"வைக்காமல்? மேல வைச்சால் நீ ஏசுவாயெண்டு தட்டுக்கு அடியில வைச்சனான். அடுத்த நாளே கொண்டுபோய் வைச்சிட்டன்."

அதன் பிறகு நான் நிலவறைக்குப் போய் தராசுத் தட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் காய்ந்த சந்தனம் பிறை போல ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமத்தின் சிவப்பு. மற்றப் பகுதி தராசுக்கு வெளியே, மேசையில் விரித்திருந்த தாளின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்தது. விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. முழுச் சந்தனமும் ஒட்டியிருந்தபோது தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இடையில் ஒரு துண்டு விழுந்ததும் தட்டு அவ்வளவு இலேசாகிவிட்டது. குறைந்த அந்த எடையை நான் ஒவ்வொரு தடவையும் மருந்தால் நிரவியிருக்கிறேன். விழுந்த துண்டை நிறுத்தேன். ஒரு தோட்டாவுக்கு நான் இடும் மருந்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தது.

அதன் பிறகு நிருஜனை நான்கு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. அழைக்கும்படி மட்டும் எழுதினேன். மாலை 6.10க்குப் பதில் வந்தது. "வேலையில நிக்கிறன் ரீச்சர். நாளைக்குப் போட்டி முடிய எடுக்கிறன். உங்கட இருபதையும் ஒண்டும் தொடாமல் வைச்சிருக்கிறன்." அந்தத் தோட்டாக்களைச் சுட வேண்டாம் என்று தட்டச்சு செய்தேன். அனுப்பாமல் அழித்தேன். "முதல் என்னோட கதையுங்கோ" என்று அனுப்பினேன். அதற்கு அவர், "ஓம் ஓம், வீட்டுப்பாடம் செய்துகொண்டு வாறன்" என்று எழுதினார். பிறகு பதில் இல்லை.

நேற்று மாலையே ஏன் வெளிப்படையாக எழுதவில்லை என்று அதிகாரி இப்போது கேட்டார். பொலிசார் கைபேசியைக் கேட்டால் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று பயந்தேன். தோட்டா கொடுத்தது தெரியும், திறப்பு தெரியும், அலுமாரியைத் திறந்தது அம்மா என்பது தெரியும். அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் பதினான்கு மாதங்களாக அலுவலகத்தில் கிடக்கிறது. சந்தனத் துண்டு ஐம்பதாவது தோட்டாவுக்குப் பிறகு, தராசைத் தூக்கும்போதுகூட விழுந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். நினைக்கவில்லை, நினைக்க விரும்பினேன். தோட்டாக்கள் எந்த ஒழுங்கில் போயின என்பதை நேற்று முழுவதும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் என்ன வரும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை ஏழு மணிக்குத்தான் தாளில் எழுதிப் பார்த்தேன். வரிசையாக நிரப்பினேன், அதே வரிசையில் சுட்டேன். இருபத்திரண்டு வரை ஒரு குறையும் இல்லை. இருபத்துமூன்றாவது வெடித்தது. அப்படியென்றால் துண்டு விழுந்தது அந்த இடத்தில். அதற்குப் பின் நிரப்பிய எல்லாவற்றிலும் மருந்து கூட. அவற்றில் ஏழு பொலிசாரிடம் இருக்கின்றன. இருபது அவரிடம். என்னிடம் இருந்த அப்படியான எட்டில் ஒன்றைத்தான் நான் சுட்டேன். அவரிடம் இருக்கும் இருபதில் சரியானது என்று ஒன்றுகூட இல்லை.

7.20க்கு அழைத்தேன். கைபேசி அணைந்திருந்தது. சுடுகூடத்துக்கு அழைத்தேன். திறக்கும் நேரங்களை ஒரு பதிவுக் குரல் சொன்னது. 7.32க்கு, இருபதையும் சுட வேண்டாம், மருந்து கூட, கையில் வெடிக்கும் என்று எழுதி அனுப்பினேன். ஒரு சரிக்குறி மட்டும் விழுந்தது. அவருடைய வீட்டார் யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. இரண்டாவது சரிக்குறி விழும் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குசினிக் கதிரையில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிசின் அவசர இலக்கமான 110ஐ அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

8.40க்கு அம்மா எழுந்து வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். சந்தனத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் என் சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டார்.

"திறப்பு எடுத்தது நானெண்டு சொல்லு. விண்ணப்பம் கிடக்கட்டும். அந்தப் பெடியன்ர கை. எழும்பு, பிள்ளை, எழும்பு!"

நாங்கள் ட்ராமுக்கு நிற்காமல் நடந்தும் ஓடியும் வந்தோம். அம்மா இப்போது வெளியே வாங்கில் இருக்கிறார். அவர் தராசைத் தொட்டதற்கு நான் திறப்பை வைத்த இடம்தான் காரணம். சுழியத்தைச் சரிபார்க்காதது நான். கொடுத்தது நான். நேற்று எழுதி அழித்ததும் நான். அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். சீருடையைக் கண்டால் அவருக்குப் பேச்சு வராது.

இப்போது நேரம் 10.05. பதில் இன்னும் வரவில்லை. அதிகாரி இரண்டு தடவை தொலைபேசியை எடுத்துவிட்டு வைத்தார்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் செய்ததும் கண்டதும் கேட்டதும்தான். யாரும் சொல்லித்தரவோ வற்புறுத்தவோ இல்லை. வியாழக்கிழமை நான் கொடுத்த வாக்குமூலம் இதிலிருந்து வேறுபடும் இடமெல்லாம் அது பொய், இது உண்மை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. சிவகுருநாதன்
ஹனோவர், 11.10.2025, காலை 10.11

பின்சேர்க்கை, அதே நாள், பிற்பகல் 3.40: கீழ்க்காண்பதை அதிகாரி வாசித்துக் காட்டினார், நானும் எழுதிச் சேர்க்கிறேன். பீலெஃபெல்ட் பொலிஸ் வாகனம் சுடுகூடத்தை அடைந்த நேரம் 9.43. நிருஜன் 9.36க்குத் தன் மூன்றாவது தோட்டாவைச் சுட்டிருந்தார். எஞ்சிய பதினேழு தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. அவர் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. வலது கைப் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

(ஒப்பம்) த. சிவகுருநாதன்