ஆட்டிப் பார்க்காத இருக்கை

சிறு விமானங்களின் இருக்கைகள் அவ்வளவு வசதியானவை அல்ல, ஐயா. தண்டவாளம் போன்ற இரு கம்பிகளின்மேல் முன்னும் பின்னும் நகரும். வேண்டிய இடத்தில் ஒரு முள் துளைக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். முள் விழுந்ததா என்று ஓட்டுபவர் தாமே ஆட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சிக் கழகத்தில் பழுது பார்ப்பவனாகிய நானே அதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அங்கே விமானம் ஓட்டிய என் மருமகன் மட்டும் ஆட்டிப் பார்த்ததில்லை. குட்டையானவர். அவருக்காக இருக்கையை முன்னிழுத்து, அதன் முதுகில் தட்டி, "ஆச்சு மாப்பிள்ளை" என்பேன். அதுவே எங்கள் வழக்கம்.

"இன்னும் எங்க அப்பாதான் சீட்டை இழுத்து விடணுமா? வெக்கமா இல்ல?" என்று என் மகள் சீண்டுவாள்.

"என் கால் நீளம் தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டே? மாமா பார்த்ததை நான் திரும்ப ஆட்டிப் பார்த்தா மரியாதையாவா இருக்கும்?"

நல்லவர், அதில் எனக்கு ஐயமில்லை. கடல் கடந்து வேலை கிடைத்தது என்றார். மகளையும் அழைத்துப் போவதாகச் சொன்னார். தாயற்ற அவளை நெஞ்சகத்தில் சுமந்து வளர்த்தவன் நான். விடியலில் விளக்கின்முன் நின்று, "அவளைப் பிரிக்காதே" என்பதன்றி வேறொன்றும் இறைவனிடம் இரந்ததில்லை.

அன்று காலை இருக்கையை முன்னிழுத்தேன். முள் துளையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. கண்டேன். விரலால் சற்று அழுத்தியிருந்தால் விழுந்திருக்கும். முடிவை இறைவனிடமே விட்டு, இருக்கையின் முதுகில் தட்டினேன்.

"ஆச்சு மாப்பிள்ளை."

"போயிட்டு வர்றேன் மாமா. சாயங்காலம் பெட்டியெல்லாம் கட்டணும், நீங்களும் வந்து கை குடுங்க."

மூக்கு மேலெழுந்ததும் இருக்கை பின்னே சரிந்தது. மூக்கை ஏற்றியிறக்கப் பற்றியிருந்த கைப்பிடியையும் தம்மோடு இழுத்துக்கொண்டு போயிருப்பார். விமானம் அண்ணாந்தது, வேகம் இழந்தது, ஓடுபாதையின் முனையில் ஒருக்களித்து வீழ்ந்தது. இருக்கையை ஆட்டிப் பார்க்காதது ஓட்டியவரின் பிழை என்று விபத்தை விசாரித்த உங்கள் ஆட்கள் முடிவு கட்டினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

மகள் ஒன்றே கேட்டாள்: "பார்த்துட்டுத்தான் தட்டினீங்களாப்பா?"

"பார்த்துட்டுத்தாம்மா தட்டினேன்."

அதுவும் பொய்யன்று.

அன்றிலிருந்து அவள் தன் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொள்கிறாள். எங்கும் போகவில்லை, இரந்ததை இறைவன் ஈந்தான். தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று அந்தக் கதவை ஆட்டிப் பார்த்த பிறகே நான் படுக்கிறேன். பெற்றவன் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?